கோப்புப் பட்டியலை யார் தீர்மானிக்கிறார்கள்: ட்ரீ கட்டளையின் ஆப்ஷன்களைப் பற்றி

பெங்களூரின் அல்சூரில் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் வாசிப்பு வட்டம் ஒன்றுக்காக ஒரு சிறிய வலை சர்வரைப் பராமரித்து வருகிறேன். மாதக் கூட்டங்களில் நிகழும் பேச்சுகளின் ஒலிப்பதிவுகள், வட்டமே வெளியிட்ட ஆண்டு மலர்களின் ஸ்கேன் பிரதிகள், உறுப்பினர்கள் தாங்களாகவே எழுதிப் படித்த கட்டுரைகள் என எல்லாமே சாதாரணக் கோப்புகளாக அடைவுகளில் (ஃபோல்டர்களில்) கிடக்கின்றன. இதற்கென்று செயலி இல்லை, பயனர் கணக்கு இல்லை, தரவுத்தளமும் இல்லை. முகவரியைத் திறந்தால் கோப்புகளின் பட்டியல் வரும். பெயரைத் தொட்டால் கோப்பு திறக்கும். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களான உறுப்பினர்களுக்கு இதைப் பயன்படுத்தத் தனியாக எதையும் சொல்லித் தரவேண்டி வரவில்லை. இந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்லி இளையவர்கள் அவ்வப்போது கேட்டும் நான் மாற்றாமல் வைத்திருப்பதற்கு அதுவே முதல் காரணம்.

அந்தப் பட்டியலை உருவாக்க இரண்டு வழிகள் உண்டு. அடைவைக் கேட்டு வருகிறவருக்கு அந்தக் கணத்திலேயே சர்வர் ஒரு பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பது முதல் வழி. கட்டளைவரியில் ஒரு கருவியை ஓட்டிப் பட்டியலை ஓர் எச்டிஎம்எல் பக்கமாக முன்கூட்டியே எழுதி அதே அடைவில் வைத்துவிடுவது இரண்டாவது வழி. நான் இரண்டாவது வழியையே பின்பற்றுகிறேன். கருவி, லினக்ஸில் எளிதாகக் கிடைக்கும் ட்ரீ என்ற கட்டளை. திரையில் அடைவுகளைக் கிளை கிளையாக வரைந்து காட்டும் கட்டளையாகத்தான் பலரும் அதை அறிந்திருப்பார்கள். ஆனால் இணையப் பட்டியல் எழுதும் வேலை அதன் பழைய பணிகளில் ஒன்று. அதன் கையேடு எச்டிஎம்எல் ஆப்ஷனை விளக்கும் இடத்தில் கோப்புகளைப் பரிமாறும் பழைய முறையான எஃப்டிபி தளங்களுக்குப் பயன்படும் என்று இன்றும் சொல்வதிலிருந்தே அதன் வயதை ஊகிக்கலாம்.

சர்வர் தானாகவே செய்யக்கூடிய வேலையைத் தனிக் கருவிக்கு ஏன் கொடுக்கவேண்டும் என்ற கேள்வி நியாயமானது. என் பதில் இதுதான்: நாம் எழுதாமல் விட்ட ஒவ்வொரு ஆப்ஷனையும், அதாவது மென்பொருளின் போக்கை மாற்றும் ஒவ்வொரு தேர்வையும், அந்த மென்பொருளை எழுதியவர் நமக்காக முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறார். அப்படித் தீர்மானித்தபோது அவர் மனத்தில் இருந்தவை சிறிய ஆங்கிலப் பெயர்களைக் கொண்ட கோப்புகள்தாம். தமிழ்ப் பெயர்கள் உள்ள ஓர் அடைவை, பரவலாகப் பயன்படும் வலை சர்வர் மென்பொருள்களான அப்பாச்சியிடமோ என்ஜின்எக்ஸிடமோ கொடுத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும்.

முதலில் அப்பாச்சி. அதில் அடைவுப் பட்டியல் எழுதும் மாட்யூலின் பெயர் மாட்-ஆட்டோஇண்டெக்ஸ். ஃபேன்சி இண்டெக்சிங் என்ற தோற்றத்தில் அது பெயர், தேதி, அளவு ஆகியவற்றைப் பத்தி பத்தியாகத் தருகிறது. பெயர்ப் பத்தியின் அகலம், நாம் எதுவும் சொல்லாவிட்டால், 23 பைட். அதைவிட நீளமான பெயர்களில் முதல் 20 பைட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மீதிக்கு இரண்டு புள்ளியும் ஓர் அம்புமுனையும் போட்டு முடித்துவிடும். ஆங்கிலத்தில் 20 பைட் என்றால் 20 எழுத்து. தமிழிலோ, எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் 3 பைட் செலவாகிறது. ‘சொ’ என்று நாம் ஓர் எழுத்தாக எண்ணுவது அங்கே இரண்டு குறிகள், ஆக 6 பைட். ‘சொற்பொழிவு’ என்ற சொல் மட்டுமே 30 பைட். அந்தச் சொல்லில் தொடங்கும் கோப்புப் பெயரை 20 பைட்டில் வெட்டினால் ‘சொற்பொ’ வரைக்கும் 18 பைட் முடிந்துவிடும். மீதி 2 பைட்டில் ‘ழ’ பாதியில் அறுபடும். உலாவியில் அந்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். ஓர் அடைவில் சொற்பொழிவுகள் மட்டுமே இருந்தால் எல்லா வரிகளும் ‘சொற்பொ’ என்றே தொடங்கி, ஒரே கேள்விக்குறியில் முடிந்து, எது எந்தப் பேச்சு என்று தெரியாமல் வரிசையாக நிற்கும்.

இதற்கு அப்பாச்சியிலேயே மருந்து உண்டு. இண்டெக்ஸ்ஆப்ஷன்ஸ் என்ற வரியில் நேம்விட்த் என்பதற்கு நட்சத்திரக் குறியை மதிப்பாகக் கொடுத்தால் மிக நீளமான பெயருக்கு ஏற்பப் பத்தி தானே விரிந்துகொள்ளும். ஆனால் அந்த வரியை எழுதுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூட்டல் குறியோ கழித்தல் குறியோ முன்னால் போட்டு எழுதும் சொற்கள், மேலடைவிலிருந்து வந்த அமைப்புடன் சேரும் அல்லது அதிலிருந்து நீங்கும். குறி எதுவும் இல்லாத சொல் ஒன்று அதே வரியில் வந்தால், அதற்கு முன் குறியிட்டு எழுதியவை அனைத்தும் தள்ளுபடியாகிவிடும். நாலு சொற்களில் மூன்றுக்குக் கூட்டல் குறி போட்டு ஒன்றுக்கு மட்டும் மறந்துவிட்டால், அமைப்புக் கோப்பில் பிழை எதுவும் காட்டாது. பட்டியல் மட்டும் நாம் எண்ணியபடி இராது.

என்ஜின்எக்ஸ் இதில் கொஞ்சம் மேல், கொஞ்சம் கீழ். பட்டியலில் ஒரு பெயருக்கு அது ஒதுக்கும் இடம் 50; அதற்கு மேல் போனால் வெட்டும். சார்செட் என்ற வரியில் யூடிஎஃப்-8 என்று நாம் அறிவித்திருந்தால் அந்த 50 என்பது யூனிகோட் குறிகளின் எண்ணிக்கை. அறிவிக்காவிட்டால் பைட்டின் எண்ணிக்கை. அறிவிக்காமல் இருப்பதுதான் அதன் இயல்புநிலை. 50 பைட் என்பது தமிழில் பதினாறு குறிகளுக்கு மேல் தாங்காது. அந்த 50 என்ற எண்ணோ நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டது. அமைப்புக் கோப்பில் மாற்ற வழி கிடையாது. அதில் இரண்டு ஆப்ஷன்களை மட்டும் எவரும் மாற்றியே ஆகவேண்டும். கோப்பின் அளவைத் துல்லியமாகப் பைட்டில் காட்டுவது இயல்புநிலை. அதை அணைத்தால்தான் 48எம் என்று மனிதர் படிக்கும்படி வரும். நேரத்தைக் கிரீன்விச் கணக்கில் காட்டுவதும் இயல்புநிலை. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், மாலை 7 மணிக்கு ஏற்றிய ஒலிப்பதிவு பிற்பகல் 13:30 என்று நிற்கும். விடிகாலை 4 மணிக்கு ஏற்றியது முந்தைய நாளின் தேதியில் போய் உட்காரும். லோக்கல்டைம் ஆப்ஷனை இயக்கினால் இது தீரும்.

பைத்தான் மொழியுடனேயே வரும் சிறிய சர்வரான எச்டிடிபி.சர்வர் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் பெங்களூரில் எந்த அலுவலகத்திலும் அவசரத்துக்குக் கோப்பு பகிர எல்லாரும் முதலில் தட்டுவது அதைத்தான். ஒரே வரிக் கட்டளையில் 8000 என்ற போர்ட்டில் பட்டியல் வந்துவிடும், 3.7 பதிப்பிலிருந்து எந்த அடைவு என்பதை --டைரக்டரி ஆப்ஷனில் கொடுக்கலாம். ஆனால் எந்த முகவரியில் மட்டும் திறப்பது என்று சொல்லும் --பைண்ட் கொடுக்காவிட்டால் அந்த மடிக்கணினி இணைந்திருக்கும் எல்லா வலையமைப்புகளுக்கும் அது கதவைத் திறந்துவிடுகிறது. காபிக் கடை வைஃபையிலும் அப்படித்தான். புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளையும் அது கூச்சமின்றிப் பட்டியலிடும். ஒரு கோப்பின் நடுப்பகுதியை மட்டும் கேட்டால் கொடுக்கத் தெரியாது என்பதால், ஒரு மணி நேரப் பேச்சின் நாற்பதாவது நிமிடத்துக்கு விரலால் தாவமுடியாது. பத்து நிமிட வேலைக்கு நல்ல கருவி. அதற்கு மேல் அதை நம்பவேண்டாம். அதன் ஆவணமே அப்படித்தான் எச்சரிக்கிறது.

இனி ட்ரீ. வட்டத்தின் கணினி இருப்பது அல்சூரில் ஒரு வீட்டின் பின்னறையில். அதற்கு அருகில் இருப்பவர் பொதுத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். வலைப்பக்கம் மட்டும் வெளியே திறந்திருக்கிறது. வெளியிலிருந்து, கட்டளை தட்டும் திரையான டெர்மினலுக்குள் நுழையும் வசதியை வேண்டுமென்றே வைக்கவில்லை. ஆகவே நான் வைட்ஃபீல்டில் வேலையில் இருக்கும் நேரத்தில் ஏதாவது மாற்றவேண்டி வந்தால் கட்டளையைத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவர் தட்டுவார்.

“சார், மைனஸ் போட்டு எச். ஒரு ஸ்பேஸ். அப்புறம் ஒரு புள்ளி.”

“பெரிய எச்சா, சின்ன எச்சா தம்பி?”

“இது பெரிசு. சின்னது பின்னால தனியா வரும் சார்.”

இந்தக் கேள்வி வெறும் தட்டச்சுச் சந்தேகம் அல்ல. ட்ரீயில் பெரிய எச் என்பது எச்டிஎம்எல் பக்கமாக எழுது என்பதற்கான ஆப்ஷன். சின்ன எச் என்பது அளவுகளைக் கே, எம், ஜி என்று சுருக்கிக் காட்டு என்பதற்கானது. பெரிய எல், எத்தனை அடுக்கு ஆழம் இறங்குவது என்பதைச் சொல்கிறது. சின்ன எல், வேறோர் இடத்தைச் சுட்டும் குறுக்குவழிகளான சிம்லிங்க்குகளைப் பின்தொடர்ந்து உள்ளே போகச் சொல்கிறது. ஓர் எழுத்தின் உயரம் மாறினால் வேலையே மாறிவிடும். பழைய யூனிக்ஸ் கட்டளைகள் எல்லாவற்றிலும் இந்தக் குணம் உண்டு. ஒற்றை எழுத்து ஆப்ஷன்கள் விரலுக்குச் சுகம், நினைவுக்குச் சுமை. இதற்கு மாற்றாகத்தான் இரட்டைக் கோடு போட்ட முழுச்சொல் ஆப்ஷன்களைக் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கருவிகள் பரவலாக்கின. ட்ரீ இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது: பழையவை ஒற்றை எழுத்தில், பின்னால் சேர்ந்தவை முழுச்சொல்லில். முழுச்சொல் வடிவம் இருக்கும் இடத்திலெல்லாம், கட்டளைகளை எழுதி வைக்கும் கோப்பான ஸ்கிரிப்டில் அதையே எழுதுவது என் வழக்கம். ஒருமுறை தட்டுவது, பலமுறை படிப்பது என்ற கணக்கில் அதுவே மலிவு.

பெரிய எச்சுக்கு ஒரு மதிப்பு கொடுத்தாகவேண்டும். பட்டியலில் உள்ள எல்லா இணைப்புகளுக்கும் முன்னால் அது ஒட்டிக்கொள்ளும். தளத்தின் முழு முகவரியையும் அங்கே கொடுப்பவர்கள் உண்டு. நான் ஒரு புள்ளி மட்டும் வைக்கிறேன். புள்ளி என்றால் இந்தப் பக்கம் இருக்கும் அடைவிலிருந்தே தேடு என்று பொருள். முகவரி மாறினாலும் இணைப்பு உடையாது, வீட்டு வலையமைப்புக்குள் வேறொரு எண் முகவரியில் திறந்தாலும் உடையாது, முழு அடைவையும் பென்டிரைவில் நகல் எடுத்து இணையமே இல்லாத கணினியில் திறந்தாலும் உடையாது. கடைசியாகச் சொன்னது வட்டத்தில் அடிக்கடி நடக்கும் காரியம்.

பெரிய டி பக்கத்தின் தலைப்பைத் தருகிறது. அது இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் ஒரு பொதுத் தலைப்பு வரும். --சார்செட் என்பதற்கு யூடிஎஃப்-8 என்று மதிப்பு கொடுக்கவேண்டும். என் கணினியில் கொடுக்காமலே சரியாக வருகிறதே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். டெர்மினலின் மொழி அமைப்பைப் பார்த்துத்தான் அது சரியாக வருகிறது. அதே கட்டளையை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரான் நள்ளிரவில் ஓட்டும்போது பல கணினிகளில் அந்த மொழி அமைப்பு கூட வருவதில்லை. ஆகவே ஆப்ஷனை எழுதிவிடுவதோடு, ஸ்கிரிப்டின் தலையிலேயே மொழி அமைப்பைச் சொல்லும் எல்சி-ஆல் என்ற மாறிக்கும் ஒரு யூடிஎஃப்-8 மதிப்பைக் கொடுத்துவிடவேண்டும். அகரவரிசையும் அந்த மாறியைப் பொறுத்தே அமைகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

புதிய பதிப்புகளில் --எச்இன்ட்ரோ, --எச்அவுட்ரோ என்று இரண்டு ஆப்ஷன்கள் சேர்ந்திருக்கின்றன. பக்கத்தின் தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் நாமே ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் பட்டியலைப் பெரும்பாலானோர் கைபேசியில் திறப்பதால் இது பெரிய உதவி: பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் என்ற குறியைத் தலைப்பகுதியில் சேர்த்து, எழுத்தளவைக் கூட்டி, வரிகளுக்கு இடையில் விரல் படும் அளவுக்கு இடைவெளி விட்டேன். ஆனால் சொந்தத் தலைப்பகுதி கொடுத்தபின் பெரிய டியும் --சார்செட்டும் அங்கே செல்லாது. தலைப்பையும் எழுத்துமுறை அறிவிப்பையும் அந்தக் கோப்பிலேயே எழுதியிருக்கவேண்டும்.

ஆழத்துக்கு வருவோம். பெரிய எல்லுக்கு 2 என்று கொடுத்தால் இரண்டு அடுக்குகள் ஒரே பக்கத்தில் வந்துவிடும். எங்கள் அளவுக்கு அதுவே போதும். ஆண்டு என்ற அடைவு, அதற்குள் கோப்புகள், அவ்வளவுதான். பெரிய ஆர் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. குறித்த ஆழத்துக்குக் கீழே உள்ள ஒவ்வோர் அடைவிலும் ட்ரீ மீண்டும் தன்னையே ஓட்டி, 00ட்ரீ என்று தொடங்கும் பெயரில் எச்டிஎம்எல் கோப்புகளை வைத்துவிட்டுப் போகும். யாருக்கு இது தேவைப்பட்டது என்று எனக்கு விளங்கியதே இல்லை. எல்லா அடைவுகளிலும் முட்டையிட்டுவிட்டுப் போகும் ஓர் ஆப்ஷனைக் கையேட்டில் இன்னும் கொஞ்சம் உரத்த எச்சரிக்கையுடன் போட்டிருக்கலாம்.

சின்ன எச் அளவைக் காட்டும். டேட்டாவைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற ஒருவருக்கு, தொடுவதற்கு முன்பே இது 60 எம்பி என்று தெரிவது மரியாதையான காரியம். தேதிக்குப் பெரிய டியைத் தேடாதீர்கள் என்று சொல்லவும் முடியவில்லை, ஏனெனில் தமிழில் ஒலிப்படி எழுதினால் தலைப்புக்கான ஆங்கில எழுத்தும் தேதிக்கான ஆங்கில எழுத்தும் ஒன்றாகவே தெரிகின்றன. தொலைபேசியில் நாங்கள் ‘டைட்டிலுக்கு வர்றது’, ‘டேட்டுக்கு வர்றது’ என்று பிரித்துக்கொள்கிறோம். நல்லவேளையாக --டைம்ஃபார்மட் என்பதன் சுருக்கமான --டைம்எஃப்எம்டி என்ற முழுச்சொல் ஆப்ஷன் இருக்கிறது; அதைக் கொடுத்தாலே தேதியும் சேர்ந்து வந்துவிடும், ஆண்டு-மாதம்-நாள் என்ற அமைப்பையும் அதிலேயே சொல்லிவிடலாம். ஆனால் இங்கே வரும் தேதி கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியே தவிர, பேச்சு நிகழ்ந்த தேதி அன்று. பழைய வட்டிலிருந்து புதிய வட்டுக்குத் தேதியைக் காக்கும் ஆப்ஷன் இல்லாமல் நகலெடுத்தால், பத்து ஆண்டுப் பேச்சுகளும் ஒரே நாளில் நிகழ்ந்தவையாகிவிடும். அதனால்தான் நிகழ்ந்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதவேண்டும் என்பது எங்கள் வட்டத்தில் விதி.

எதைக் காட்டாமல் விடுவது என்பதுதான் எனக்கு இந்தக் கருவியில் மிக முக்கியமான பகுதி. பெரிய ஐ என்ற ஆப்ஷனில் தவிர்க்கவேண்டிய பெயர்களின் வடிவத்தைக் கொடுக்கலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் நடுவில் நெட்டுக்கோடு போடவேண்டும். அந்த நெட்டுக்கோடும் நட்சத்திரமும், நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கும் பொருளுள்ள குறிகள் என்பதால் முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஷெல் நெட்டுக்கோட்டில் கட்டளையை இரண்டாக உடைத்து, பின்பாதியைத் தனிக் கட்டளையாக ஓட்டப் பார்க்கும். தவிர்ப்புப் பட்டியலில் முதலில் இருக்கவேண்டியது ட்ரீ எழுதும் பக்கத்தின் பெயரே. இல்லாவிட்டால் பட்டியலில் பட்டியலும் ஒரு கோப்பாக வந்து நிற்கும். இதற்கு எதிர்த்திசையில், குறித்த வடிவத்துக்குப் பொருந்துபவற்றை மட்டும் காட்ட பெரிய பி உண்டு. அது கோப்புகளை மட்டுமே வடிகட்டும், அடைவுகளைத் தொடாது. எம்பி3 மட்டும் வேண்டும் என்று கேட்டால் வெற்று அடைவுகளும் வரிசையாக வரும். --ப்ரூன் சேர்த்தால் அவை உதிர்ந்துவிடும்.

புள்ளியில் தொடங்கும் கோப்புகளைத் தானாகவே காட்டாமல் விடுவது ட்ரீயின் இயல்புநிலை. சின்ன ஏ கொடுத்தால்தான் காட்டும். இந்த ஓர் இயல்புநிலையை நான் மனமார ஏற்கிறேன். சிம்லிங்க்குகள் விஷயம் அப்படி இல்லை: சின்ன எல் கொடுக்காவிட்டால் உள்ளே இறங்காது என்றாலும், இணைப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு அது சுட்டும் பாதையையும் எழுதிவிடும். வீட்டுக் கணினியில் எந்தப் பயனரின் அடைவில் என்ன இருக்கிறது என்பது அந்த ஒரு வரியில் ஊருக்குத் தெரிந்துவிடும். வலையில் வைக்கும் அடைவுக்குள் சிம்லிங்க் வைக்காமல் இருப்பதே இதற்குச் சரியான தீர்வு.

இத்தனை ஆப்ஷன்களும் பட்டியலிலிருந்து மறைக்கின்றனவே தவிர, எதையும் பூட்டுவதில்லை. பட்டியலில் இல்லாத கோப்பின் பெயரை ஒருவர் ஊகித்து முகவரியில் தட்டினால் சர்வர் எடுத்துக் கொடுத்துவிடும். பட்டியலில் சில பெயர்களைக் காட்டாமல் விடும் அப்பாச்சியின் இண்டெக்ஸ்இக்னோர் வரிக்கும் இதே வரம்புதான். பூட்டவேண்டிய கோப்புகள் இருக்கவேண்டிய இடம் வேறு; உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் உள்ள தாள் எங்கள் சர்வரின் வலை அடைவுக்கு வெளியே இருக்கிறது, ஆப்ஷன் எதுவும் அதைத் தொடாது. மறுபக்கத்தில், யாரும் திட்டமிடாமலே திறந்து கிடக்கும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். பட்டியல் பக்கங்களின் தலைப்பில் வரும் ‘இண்டெக்ஸ் ஆஃப்’ என்ற இரண்டு சொற்களைத் தேடுபொறியில் கொடுத்தே அவற்றைக் கண்டுபிடிப்பது வெகுகாலமாக நடந்துவரும் வேலை. அப்பாச்சி தன் 2.4 பதிப்பில் அடைவுப் பட்டியலை இயல்புநிலையிலிருந்து நீக்கியது. என்ஜின்எக்ஸில் அது முதலிலிருந்தே அணைந்திருக்கும். முன்கூட்டியே எழுதிய பக்கத்தை நான் விரும்புவதற்கு இது இன்னொரு காரணம். சர்வரின் தானியங்கிப் பட்டியலை முழுவதும் அணைத்துவிடலாம். ட்ரீ எழுதிய பக்கத்தை வெளியிடுவதற்கு முன் ஒருவர் கண்ணால் படித்துப் பார்க்கலாம். புதிய கோப்பு உடனே தோன்றாது என்பது இதில் உள்ள குறை. மாதம் ஒருமுறை கூடும் வட்டத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. நொடிக்கு நொடி கோப்பு சேரும் இடமாக இருந்தால் நானும் என்ஜின்எக்ஸிடமே போயிருப்பேன்.

பக்கத்தை எழுதும் இடத்தைச் சின்ன ஓ ஆப்ஷனில் கொடுக்கலாம். நேரடியாக வலை அடைவில் எழுதினால், எழுதிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் திறப்பவருக்குப் பாதிப் பக்கம் போகும். அதே வட்டில் வேறொரு தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயர்மாற்றி அதன் இடத்தில் வைத்தால் பழைய பக்கம் அல்லது புதிய பக்கம் என்ற இரண்டில் ஒன்று மட்டுமே எவருக்கும் கிடைக்கும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னும் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. இவற்றுக்கு ட்ரீயின் ஆப்ஷன்கள் போதமாட்டா. லினக்ஸில் பொதுவாகப் பயன்படும் ஈஎக்ஸ்டி4 என்ற வட்டு அமைப்பில் ஒரு பெயரின் நீளம் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழுக்கு அது 85 குறிகள். பேச்சின் தலைப்பு, பேசியவர் பெயர், கூட்டத்தின் பெயர் என்று எல்லாவற்றையும் பெயரில் ஏற்றினால் மீறிவிடும். இணைப்பை வாட்ஸ்அப்பில் பகிரும்போதோ ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறிகளுடன் கூடிய ஒன்பது எழுத்துகளாக விரிந்து, ஒரு கோப்பின் முகவரி கைபேசித் திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். பெயரைச் சுருக்குவதைத் தவிர இதற்கு வழியில்லை.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ்-பிளஸ் வட்டு அமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. அப்படிப்பட்ட கணினியிலிருந்து வந்த ‘கொண்டாட்டம்’ என்ற கோப்பை, பெரிய பி ஆப்ஷனில் ‘கொண்டாட்டம்’ என்று நாம் தட்டித் தேடினால் கிடைக்காது. பட்டியலில் கண்முன் இருக்கும் பெயரைக் கருவி இல்லை என்று சொல்லும். இதற்கு கான்வ்எம்வி என்ற கட்டளை இருக்கிறது. --என்எஃப்சி ஆப்ஷன் கொடுத்தால் பிரிந்த குறிகளை ஒன்றாக்கிப் பெயர்களைத் திருத்தும். அந்தக் கருவியில் நான் மிகவும் மதிப்பது அதன் இயல்புநிலையைத்தான்: --நோடெஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லும்வரை எதையும் மாற்றாமல், என்ன மாற்றப்போகிறேன் என்பதை மட்டும் வரிவரியாகச் சொல்லும். பெயர்மாற்றும் கருவிகள் எல்லாமே இப்படி எழுதப்பட்டிருக்கவேண்டும்.

கடைசியாக அகரவரிசை. பைட் கணக்கில் வரிசைப்படுத்தும் கருவி எதுவும் தமிழை அகராதி முறையில் அடுக்காது, ஏனெனில் யூனிகோடில் எழுத்துகள் நிற்கும் வரிசையே வேறு. அங்கே ‘ன’ ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ ‘ர’வுக்கு அடுத்தும், ‘ள’, ‘ழ’ இரண்டும் ‘வ’வுக்கு முன்பும் நிற்கின்றன, புள்ளியோ உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் பிறகு வருகிறது. விளைவாக ‘பவளவிழா மலர்’ முன்னே வரவேண்டிய இடத்தில் ‘பழமொழி மலர்’ வரும், ‘மயில்’ என்பதற்கு முன் ‘மன்றம்’ வரும், ‘கண்’ என்பதற்கு முன் ‘கணக்கு’ வரும். என்ஜின்எக்ஸின் வரிசை இப்படிப்பட்டதுதான், மாற்றும் ஆப்ஷன் இல்லை. ட்ரீ கணினியின் மொழி அமைப்பைக் கேட்டு வரிசைப்படுத்துவதால் எல்சி-ஆல் மாறியில் தமிழ் இந்தியா என்ற மதிப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த மொழி அமைப்பு நிறுவப்படாத கணினிக்கு ஸ்கிரிப்டைக் கொண்டுபோனால் வரிசை சத்தமில்லாமல் பைட் கணக்குக்குத் திரும்பிவிடும். பேச்சுகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவை தேதியில் தொடங்குவதால் தேதிப்படியே வரிசையாகிவிடுகின்றன, --டர்ஸ்ஃபர்ஸ்ட் கொடுத்தால் ஆண்டு அடைவுகள் மேலே வந்துவிடுகின்றன.

மலர்களைத்தான் அகராதி வரிசையில் வைத்தாகவேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாக இருந்தார், நியாயமான பிடிவாதம். அவற்றுக்குப் பெயரின் முன்னால் ஒரு வரிசை எண் சேர்த்துவிட்டோம். எண் ஒதுக்குவது அவர் பொறுப்பு. ஒரு காலத்தில் பேசிக் மொழியில் நிரல் எழுதிய பழக்கத்தில், இடையில் புதிய மலர் வந்தால் செருகுவதற்கு இடம் இருக்கட்டும் என்று 10, 20, 30 என்று பத்துப் பத்தாகவே கொடுக்கிறார். 10 என்பதற்கு அடுத்து 100 வந்து நிற்காமல் 20 வரவேண்டும் என்பதற்காக, எண்களை எண்களாகவே பார்த்து வரிசைப்படுத்தும் சின்ன வி ஆப்ஷனை ஸ்கிரிப்டில் சேர்த்திருந்தேன். அவர் எண்களை 0010, 0020 என்று நான்கு இலக்கமாக எழுதத் தொடங்கியபின் அதற்குத் தேவை இல்லாமல் போய்விட்டது, எடுத்துவிட்டேன்.